நெஞ்சுல ஸ்டியரிங் அடிச்சிருச்சு, எக்ஸ்ரே ஓகேன்னு சொல்லிட்டு இப்ப எக்கோ எடுக்கணும்னு வார்டுல வச்சிருக்காங்க, ஏன்?

பிறை_பொண்ணு (பட்டர்வொர்த்)

வணக்கம் எல்லாருக்கும், ஆஸ்பத்திரில வேலை செய்யறவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும் அதான் இங்க கேக்கறேன். என் அண்ணனுக்கு 34 வயசு, பினாங்கு தீவுல பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலை, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு காலையில வேன்ல வீட்டுக்கு வந்துட்டு இருந்தாரு, பாலம் தாண்டி பிறை பக்கம் எறங்குன பெறகு முன்னால போன லோரி சடன் பிரேக் போட்டிருக்கு, இவரு நேரா போய் பின்னால இடிச்சிட்டாரு. பழைய வேன், ஏர்பேக் கிடையாது. பெல்ட் போட்டிருந்தாரு, அப்படியும் நெஞ்சு ஸ்டியரிங்ல பலமா அடிபட்டிருக்கு. நெஞ்சுல குறுக்கால பெல்ட் தடம் அப்படியே நீலமா இருக்கு, பாக்கவே முடியல.

எமர்ஜென்சில மஞ்சள் சோன்ல (அவசரம்தான், ஆனா ரொம்ப ஆபத்தான கேஸ் இல்லன்னு வைக்கிற எடம்) வச்சு பாத்தாங்க. எக்ஸ்ரேல நுரையீரல் ஓகே, விலா எலும்பு ஓகேன்னாங்க. அப்பறம் மருந்து ஏத்தி சிடி எடுத்தாங்க, அதுல நடு நெஞ்செலும்புல ஒரு விரிசல் இருக்கு, பெரிய ரத்தக்குழாய்க்கு ஒன்னும் ஆகலன்னு சொன்னாங்க. சரி வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு நெனச்சா, ஈசிஜில எக்ஸ்ட்ரா பீட் வருது, ட்ரோபோனின்னு ஏதோ ரத்த டெஸ்ட்ல கொஞ்சம் ஏறியிருக்கு, இருதயத்துல அடி பட்டிருக்கலாம், நாளைக்கு எக்கோ, அதாவது இருதயத்துக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கணும்னு மானிட்டர் மாட்டி வார்டுல படுக்க வச்சுட்டாங்க.

எனக்கு புரியாதது என்னன்னா, எக்ஸ்ரேவும் எடுத்தாச்சு சிடியும் எடுத்தாச்சு, அதுலயே இருதயம் தெரியாதா? ஏன் திரும்ப இன்னொரு ஸ்கேன்? எங்க சித்தப்பா பையன் வேற, இங்க வச்சிருந்தா நேரம்தான் போகும், பிரைவேட்டுக்கு கொண்டு போய் எம்ஆர்ஐ எடுத்துரு, அதுலதான் எல்லாம் தெரியும்னு நச்சரிக்கறான். அம்மா நேத்துல இருந்து சரியா சாப்பிடல. டாக்டர் ரவுண்ட்ஸ்ல வந்து ரெண்டு நிமிஷம் பேசிட்டு போயிடறாரு, அவர குத்தம் சொல்லல, வார்டு புல்லா ஆளு. யாராவது கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.


எக்ஸ்ரே_ரூம்_அண்ணன் (ஜோர்ஜ்டவுன்)

தங்கச்சி முதல்ல அண்ணன் பேசறாரு, பிரஷர் ஓகே, மானிட்டர் மாட்டியிருக்காங்கன்னா நல்ல எடத்துலதான் இருக்காரு, பதறாதீங்க. நான் ரேடியோகிராபர், படம் எடுக்கறதுதான் என் வேலை, அந்த பக்கத்த மட்டும் சொல்றேன்.

எக்ஸ்ரேல இருதயம்னு நாம பாக்கறது ஒரு வெள்ளை நிழல், அவ்வளவுதான். அதோட ஓரம் தெரியும், அகலம் தெரியும், உள்ள தசை எப்படி இருக்கு வால்வு எப்படி இருக்குன்னு ஒன்னுமே தெரியாது. அடிபட்டு வந்தவங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கறது வேற விஷயத்துக்கு, நுரையீரல் சுருங்கியிருக்கா, நெஞ்சுக்கூட்டுல ரத்தம் நிக்குதா, விலா எலும்பு எத்தனை ஒடஞ்சிருக்கு, நடுவுல அந்த நிழல் வழக்கத்த விட அகலமா இருக்கா. அதனால எக்ஸ்ரே ஓகேன்னா நுரையீரலுக்கு பெரிய ஆபத்து இல்லன்னு எடுத்துக்கலாம், இருதயத்துக்கு அது சர்டிபிகேட் கிடையாது. நெஞ்செலும்பு விரிசல் கூட நேரா எடுத்த படத்துல பெரும்பாலும் தெரியாது, பக்கவாட்டுல எடுக்கணும், இல்லன்னா உங்க அண்ணனுக்கு மாதிரி சிடிலதான் மாட்டும்.

இப்ப சிடி. விபத்து கேஸ்ல சிடி எடுக்கறப்ப டாக்டருக்கு மொத பயம் அயோர்ட்டா. வேகமா வந்து டக்குன்னு நிக்கறப்ப, இருதயத்துல இருந்து கெளம்புற அந்த பெரிய குழாய் வளைஞ்சு கீழ எறங்குற எடத்துல, இடது கைக்கு போற கிளைய தாண்டுன உடனே, அங்கதான் அதிகமா கிழியும். அத பாக்கத்தான் கை மடிப்புல பச்சையோ பிங்க்கோ ஊசி போட்டு வேகமா மருந்த ஏத்தறோம், ஒடம்பெல்லாம் சூடா பரவுற மாதிரி இருக்கும், யூரின் போயிட்ட மாதிரி கூட தோணும், உங்க அண்ணன கேட்டு பாருங்க சொல்லுவாரு. பெரிய குழாய் ஓகேன்னு சொன்னாங்க பாருங்க, அது சின்ன விஷயம் இல்ல, மொத பெரிய கண்டம் தாண்டியாச்சு.

ஆனா இருதயம் சும்மா இருக்கறது இல்லையே, அடிச்சுக்கிட்டே இருக்கு. சாதாரண ட்ரோமா சிடில அது மங்கலாத்தான் விழும், ஓடிக்கிட்டு இருக்கற சின்ன பையன போட்டோ புடிச்ச மாதிரி. சில நேரம் அயோர்ட்டா கெளம்புற எடத்துல அந்த ஆட்டமே ஒரு கோடு மாதிரி விழுந்து கிழிஞ்சிருக்கோன்னு சந்தேகம் வரும். அப்ப நெஞ்சுல ஈசிஜி வயர் ஒட்டி, துடிப்போட சேத்து டைம் பண்ணி எடுக்கற சிடி இருக்கு, அதுல ரத்தக்குழாய் வால்வு எல்லாம் தெளிவா வரும். எமர்ஜென்சில வர எல்லாருக்கும் அப்படி எடுக்க மாட்டாங்க, நாடித்துடிப்பு கொறையணும், ஆள் அசையாம இருக்கணும், தேவைன்னா மட்டும்தான்.

சிடில இருதயத்த பத்தி ஒன்னுமே தெரியாதுன்னும் நெனச்சுக்காதீங்க. இருதயத்த சுத்தி இருக்கற பையில ரத்தம் நின்னா தெரியும், அறை கிழிஞ்சு மருந்து வெளிய ஒழுகுனா தெரியும், இருதயம் எடம் மாறியிருந்தா தெரியும். தெரியாதது என்னன்னா, தசை சரியா சுருங்குதா, வால்வு ஒழுங்கா மூடுதா. ஏன்னா அதெல்லாம் அசைவு, நாம எடுக்கறது நின்ன படம். அதுக்குத்தான் எக்கோ.

இன்னொன்னு, சும்மா திரும்ப திரும்ப சிடி எடுக்க சொல்லி கேக்காதீங்க. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்னு சுமார் 0.1 மில்லிசீவர்ட், நெஞ்சு சிடி ஒன்னு 6, 7 மில்லிசீவர்ட் வரும். தேவைக்கு எடுத்தா பயமே வேணாம், தேவை இல்லாம வேணாம். எக்கோல, எம்ஆர்ஐல கதிர்வீச்சு கெடையாது.


எக்கோ_அக்கா (கோலாலம்பூர்)

மேல அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் எக்கோ ரூம்ல வேலை பாக்கறேன், ரொம்ப வருஷமா. நாளைக்கு உங்க அண்ணனுக்கு என்ன நடக்கும்னு சொல்றேன், அம்மாவுக்கு படிச்சு காட்டுங்க, என்ன பண்ண போறாங்கன்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிரும்.

இடது பக்கம் ஒருக்களிச்சு படுக்க சொல்லுவாங்க, ஜெல் போட்டு ஒரு சின்ன புரோப்ப நெஞ்சுல வச்சு பாப்பாங்க. ஊசி இல்ல, மருந்து இல்ல. வலி மட்டும் இருக்கும், ஏன்னா நாங்க புரோப் வைக்கிற எடம் நெஞ்செலும்புக்கு இடது ஓரம், ஸ்டியரிங் அடிச்ச ஆளுங்களுக்கு காயமே அங்கதான் இருக்கும். பெல்ட் தடம் மேல புரோப்ப அமுத்தறப்ப அவங்க முகம் போற போக்க பாத்தா எனக்கே கஷ்டமா இருக்கும். அதனால ஸ்கேனுக்கு முன்னாடி வலி மாத்திரை குடுத்துட்டீங்களான்னு நர்ஸ்கிட்ட தயங்காம கேளுங்க, அது படத்துக்கும் நல்லது, வலில மூச்ச இழுத்து புடிச்சா நுரையீரல் குறுக்க வந்து படம் மறைஞ்சு போயிரும். மேல சுத்தமா வைக்க முடியலன்னா விலா எலும்புக்கு கீழ, வயித்து குழி பக்கத்துல இருந்து மேல சாச்சு பாப்போம். எமர்ஜென்சிலயே உங்க அண்ணனுக்கு அந்த எடத்துல ஒரு குட்டி ஸ்கேன் வச்சு பாத்திருப்பாங்க, பாஸ்ட்னு சொல்லுவாங்க, அது இருதயத்த சுத்தி ரத்தம் நிக்குதா இல்லையான்னு பாக்க மட்டும், ஒரு நிமிஷ வேலை. அதுல ஒன்னும் இல்லன்னு வந்தா அப்போதைக்கு இருதயத்த அமுக்கற அளவுக்கு ரத்தம் நிக்கலன்னு அர்த்தம், முழு எக்கோ வேற.

நாங்க என்ன தேடுவோம்னா, மொதல்ல வலது கீழ் அறை. நெஞ்செலும்புக்கு நேர் பின்னால இருக்கறது அதுதான், ஸ்டியரிங் அடிச்சாலும் மோட்டார் ஹேண்டில் குத்தினாலும் மொத அடி அதுக்குத்தான். அடி வாங்குன எடத்து தசை பக்கத்து தசையோட சேந்து சுருங்காது, மத்ததெல்லாம் உள்ள வரப்ப அந்த எடம் மட்டும் அசையாம நிக்கும், இல்லன்னா கொஞ்சமா அசையும். கண்ணு பழகிருச்சுன்னா டக்குன்னு தெரியும். அப்பறம் நடுச்சுவர், அதுல ஓட்டை இருந்தா கலர் போட்டு பாக்கறப்ப ரத்தம் இடதுல இருந்து வலதுக்கு பாயறது தெரியும். அப்பறம் நாலு வால்வையும் ஒன்னொன்னா பாக்கணும், இத நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா வால்வ புடிச்சிருக்கற சின்ன சின்ன நூல் மாதிரி தசைநார் அறுந்து போயிருக்கலாம், அது மொத நாள்ல பெருசா தொந்தரவு காட்டாது. கடைசியா இருதயத்த சுத்தி தண்ணியோ ரத்தமோ எவ்வளவு நிக்குதுன்னு அளப்போம்.

தண்ணின்னு சொன்னா பயந்துறாதீங்க, எல்லாருக்கும் அந்த பைக்குள்ள 15ல இருந்து 50 மில்லி வரைக்கும் இருக்கும், இயற்கை அது. அடிபட்ட கேஸ்ல அளவ விட வேகம்தான் முக்கியம். மெதுவா சேந்தா அந்த பை விரிஞ்சு குடுக்கும், ஒரு லிட்டருக்கு மேல கூட தாங்கும், ஆனா திடீர்னு ரத்தம் எறங்குனா 200 மில்லிக்கு உள்ளாறயே இருதயத்த அமுக்கி நிறுத்திரும். அதனாலதான் ஒரு தடவ பாத்துட்டு விடாம மறுபடியும் எக்கோ எடுக்கறாங்க. ரெண்டாவது தடவ எடுக்க சொன்னா மொத ஸ்கேன் சரியில்லன்னு நெனக்காதீங்க, அளவு ஏறுதா எறங்குதான்னு பாக்கறாங்க.

நெஞ்சுல கட்டு போட்டிருந்தா, தோலுக்கு அடியில காத்து ஏறியிருந்தா, இல்ல ஆளு ரொம்ப பருமனா இருந்தா மேல இருந்து பாக்கற எக்கோல தெளிவா வராது. அப்ப தொண்டை வழியா ஒரு டியூப் விட்டு பின்னால இருந்து பாக்கற எக்கோ ஒன்னு இருக்கு, வால்வும் அயோர்ட்டாவும் அதுல ரொம்ப நல்லா தெரியும். ஆனா கழுத்தெலும்புலயோ உணவுக்குழாய்லயோ அடி இல்லன்னு உறுதி பண்ணாம அத பண்ண கூடாது. எல்லாருக்கும் தேவையும் படாது.


பிறை_பொண்ணு (பட்டர்வொர்த்)

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், இப்பதான் ஒரு வாய் சாப்பிட்டாங்க. வலி மாத்திரை விஷயம் நர்ஸ்கிட்ட கேட்டேன், எக்கோக்கு அரை மணி நேரம் முன்னால குடுத்தாங்க.

எக்கோ முடிஞ்சிருச்சு. டாக்டர் சொன்னது எனக்கு புரிஞ்ச வரைக்கும், வலது பக்கத்துல ஒரு எடம் சரியா அசையல, சுத்தி கொஞ்சமா தண்ணி இருக்கு, வால்வு நாலும் ஓகே, ஓட்டை இல்ல. ட்ரோபோனின் ரெண்டாவது தடவ மொததை விட ஏறி, மூணாவது தடவ எறங்கியிருக்காம். இன்னும் மானிட்டர்ல வைக்கணும், திரும்ப எக்கோ எடுப்போம்னு சொல்றாங்க. அண்ணன் பேசறாரு, கஞ்சி குடிக்கறாரு. சித்தப்பா பையன் இன்னும் எம்ஆர்ஐ எம்ஆர்ஐனு உயிர எடுக்கறான், நெஜமாவே அது வேணுமா? காசு பிரச்சினை இல்ல, அண்ணனுக்கு தேவைன்னா எப்படியாவது பொரட்டிருவோம். தேவையான்னு மட்டும் சொல்லுங்க.


எம்ஓ_செந்தூல் (கோலாலம்பூர்)

நான் எமர்ஜென்சில டாக்டரா இருக்கேன். உங்க அண்ணனோட பைல நான் பாக்கல, அதனால அவருக்கு என்ன பண்ணணும்னு நான் சொல்ல கூடாது, அங்க இருக்கற டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா ஏன் இந்த வரிசைல போறாங்கன்னு சொல்ல முடியும்.

நெஞ்சுல அடிபட்டு வரவங்க எல்லாருக்கும் ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சா முடிவே இருக்காது, அதனால வடிகட்டறதுக்கு ரெண்டு டெஸ்ட். ஒன்னு ஈசிஜி, இன்னொன்னு ட்ரோபோனின். இருதய தசை காயப்பட்டா அதுக்குள்ள இருக்கற அந்த புரதம் ரத்தத்துல கசியும். அமெரிக்காவுல ட்ரோமா சர்ஜன்கள் அமைப்பு ஒன்னு இருக்கு, ஈஸ்ட்னு சொல்லுவாங்க, 2012ல அவங்க வெளியிட்ட வழிகாட்டிய தான் பல நாடுகள்ல எமர்ஜென்சி டாக்டருங்க மனசுல வச்சிருக்கோம். அதுல சொல்றது, ஈசிஜி ட்ரோபோனின் ரெண்டுமே சரியா இருந்தா இருதய காயம் இல்லன்னு விட்டுரலாம், நெஞ்செலும்பு ஒடஞ்சிருந்தா கூட அது ஒன்னுக்காக மட்டும் மானிட்டர்ல வைக்க வேண்டியதில்ல. ரெண்டுல ஒன்னு சரியில்லன்னா அட்மிட் பண்ணி மானிட்டர்ல வைக்கணும். பிரஷர் எறங்குனாலோ துடிப்பு கோளாறு விடாம இருந்தாலோ எக்கோ. உங்க அண்ணனுக்கு ரெண்டுமே சரியில்ல, அதான் வச்சிருக்காங்க, எக்கோவும் எடுத்தாங்க, எனக்கு கேக்கறப்ப ஒழுங்கான வழியில போற மாதிரிதான் தெரியுது.

ட்ரோபோனின் ஏறி எறங்குனது நல்ல விஷயம். மொத தடவ எடுத்துட்டு 4லேர்ந்து 6 மணி நேரம் கழிச்சு திரும்ப எடுக்கறது இதுக்குத்தான், ஆரம்பத்துல கசிவு ரத்தத்துல தெரியாம போகலாம். எவ்வளவு ஏறியிருக்குன்னு நம்பர வச்சு காயம் எவ்வளவு பெருசுன்னு நேரா சொல்லிற முடியாது, அதனால பக்கத்து பெட் ஆளோட நம்பரோட ஒப்பிட்டு பாத்து கவலப்படாதீங்க.

இப்ப எம்ஆர்ஐ. அது ரொம்ப நல்ல கருவிதான், காயப்பட்ட தசைய நேரா காட்டறதுல அதுக்கு மிஞ்சினது இல்ல. தசைல நீர் கோத்து வீங்கியிருந்தா ஒரு வகை படத்துல பளிச்சுன்னு தெரியும். காடோலினியம்னு ஒரு மருந்து ஏத்தி சுமார் 10 நிமிஷம் கழிச்சு எடுத்தா, செல் செத்த எடத்துல மட்டும் அந்த மருந்து தங்கி வெள்ளையா தெரியும். அதுல பெரிய பிரயோஜனம் எங்கன்னா, இது அடிபட்ட காயமா இல்ல மாரடைப்பான்னு சந்தேகம் வரப்ப. மாரடைப்புல ஒரு ரத்தக்குழாய் ரத்தம் குடுக்கற ஏரியா மட்டும், உள்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு பாதிச்சிருக்கும். அடிபட்டதுல அந்த எல்லைக்கு கட்டுப்படாம, அடி விழுந்த பக்கத்துல திட்டு திட்டா இருக்கும். 58 வயசு டாக்சி டிரைவர் ஒருத்தர் மோதிட்டு வராரு, ஈசிஜி மாறியிருக்கு, ட்ரோபோனின் ஏறியிருக்கு, சக்கரை வியாதி வேற இருக்குன்னு வச்சுக்கங்க. மாரடைப்பு வந்ததால மோதினாரா, மோதினதால இருதயம் காயப்பட்டுச்சா? ரத்தம் இளக்கற மருந்து குடுக்கறதா வேணாமான்னு முடிவே அதுலதான் இருக்கு. அந்த மாதிரி எடத்துல சிடியோ எம்ஆர்ஐயோ நெஜமாவே வழி காட்டும்.

உங்க அண்ணனுக்கு 34 வயசு, நெஞ்சுல நேரடி அடி, எக்கோல அடி விழுந்த பக்கமே அசைவு கொறஞ்சிருக்கு, எல்லாம் ஒன்னோட ஒன்னு பொருந்துது. எம்ஆர்ஐ எடுத்தா படம் இன்னும் அழகா வரலாம், ஆனா பாத்துக்கற விதம் மாறுமா? இந்த ஒரு கேள்விய டாக்டர்கிட்ட கேளுங்க, இந்த ஸ்கேன் எடுத்தா ட்ரீட்மெண்ட் என்ன மாறும்னு. மாறும்னு சொன்னா எடுங்க, மாறாதுன்னா வேணாம். அதோட எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் கிட்ட படுக்கணும், திரும்ப திரும்ப மூச்ச நிறுத்த சொல்லுவாங்க, நெஞ்செலும்பு ஒடஞ்ச ஆளுக்கு அது லேசான காரியம் இல்ல. துடிப்பு தாறுமாறா இருக்கற ஆள மானிட்டர் வார்டுல இருந்து எடுத்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பறது அத விட ஆபத்து. இந்த மாதிரி காயத்துல துடிப்பு கோளாறு வந்தா பெரும்பாலும் மொத 24 மணி நேரத்துல, கொஞ்ச பேருக்கு 48 மணி வரைக்கும் வரும், அந்த நேரத்துல அவரு ஷாக் மெஷின் பக்கத்துல இருக்கறதுதான் பாதுகாப்பு. சித்தப்பா பையன் பாசத்துல சொல்றாரு, அவருக்கு இத அப்படியே காட்டுங்க.

ஒன்னு மட்டும், நெஞ்சு வலி இருக்கற மாதிரியே இருந்து ஈசிஜில பெரிய மாரடைப்பு மாதிரி மாத்தம் வந்தா அது வேற கதை. அடில இருதயத்தோட ரத்தக்குழாய் உள்சுவர் கிழிஞ்சு அடைச்சுக்கலாம், அதிகமா இடது முன்பக்க குழாய்தான். அபூர்வம்தான், ஆனா வந்தா ஆஞ்சியோகிராம் உடனே பாக்கணும், அதுல எக்கோவுக்காக காத்திருக்க மாட்டாங்க.


ஆயர்ஈத்தாம்_ரவி

நானும் ஒன்னு சொல்லிக்கறேன், டாக்டர் இல்ல நான், இதே மாதிரி அடி வாங்குன ஆளு. மோட்டார்ல போறப்ப கார் ஒன்னு சிக்னல் போடாம திரும்பி, ஹேண்டில் என் நெஞ்சுல குத்திருச்சு. அப்ப காட்டுன எடத்துல எக்ஸ்ரே எடுத்து ஒன்னுமில்ல, சதை அடின்னு மாத்திரை குடுத்து எம்சி (மெடிக்கல் லீவ்) குடுத்து அனுப்பிட்டாங்க, ஈசிஜி எடுத்த மாதிரியே எனக்கு ஞாபகம் இல்ல. வலி போயிருச்சு, நானும் மறந்துட்டேன்.

ரொம்ப நாள் கழிச்சு மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்க ஆரம்பிச்சுச்சு, சாயந்தரம் ஆனா கணுக்கால் வீங்கி சாக்ஸ் தடம் ஆழமா பதியும். தண்ணீர்மலை படி எத்தனை தைப்பூசத்துக்கு காவடியோட ஏறியிருக்கேன், அந்த வருஷம் சும்மா ஏறவே பாதில ஒக்காந்துட்டேன். கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் கவர்மெண்ட் கிளினிக்ல, ஒரு சின்ன வயசு டாக்டர், பொண்ணு, ஸ்டெத் வச்சு ரொம்ப நேரம் கேட்டாங்க, கேட்டுட்டு, அண்ணே உங்களுக்கு எப்பவாச்சும் நெஞ்சுல அடிபட்டிருக்கான்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு. எக்கோ எடுத்ததுல வலது பக்க வால்வு, ட்ரைகஸ்பிட்டாம், அதோட நூல் அறுந்து ரத்தம் பின்னால போயிட்டு இருக்கு. அப்பறம் ஆபரேஷன் பண்ணி சரி பண்ணாங்க, இப்ப நல்லா இருக்கேன், வேலைக்கும் போறேன்.

தங்கச்சிய பயமுறுத்தறதுக்கு சொல்லல. உங்க அண்ணனுக்கு வால்வ பாத்துட்டாங்க, சந்தோஷம். ஆனா டிஸ்சார்ஜ் ஆன பெறகு திரும்ப எக்கோக்கு தேதி குடுப்பாங்க இல்ல, அத விட்டுறாதீங்க. ஒடம்பு நல்லா ஆயிட்டா நம்ம ஆளுங்க அப்பாயின்மெண்ட்ட மறந்துட்டு ஓவர்டைம் போயிருவாங்க. அவர கைய புடிச்சு கூட்டிட்டு போங்க.


எக்கோ_அக்கா (கோலாலம்பூர்)

ரவி அண்ணே நீங்க எழுதுனதுக்கு ரொம்ப நன்றி, மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு படிக்க. இது நாங்க பாக்கறதுதான், அந்த வால்வு ஒழுகறத ஒடம்பு பல வருஷம் கூட தாங்கிக்கும், அதனாலேயே ஆள் லேட்டா வராங்க. அந்த டாக்டர் பொண்ணு கேட்ட கேள்விய எல்லாரும் கேக்கணும். எக்கோக்கு வரவங்க எழுதி குடுக்கற பாரத்துல பழைய விபத்த யாரும் சொல்றதே இல்ல, நெஞ்சுல எப்ப அடி பட்டிருந்தாலும், பத்து வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லுங்க, நாங்க அந்த வால்வுல இன்னும் ரெண்டு நிமிஷம் கூட நின்னு பாப்போம்.


கிள்ளான்_அப்பா

குறுக்க வரதுக்கு மன்னிக்கணும், இத படிச்சதும் ஒரு கேள்வி. என் பையனுக்கு 13 வயசு, ஸ்கூல் ஹாக்கி டீம்ல இருக்கான். பந்து நெஞ்சுல பட்டா இருதயம் நின்னு போயிரும்னு சொல்றாங்களே, அதுக்கு முன்கூட்டியே ஏதாவது ஸ்கேன் எடுத்து பாக்க முடியுமா?


எம்ஓ_செந்தூல் (கோலாலம்பூர்)

முடியாது அண்ணே, அது வேற வகை. அதுல இருதயத்துக்கு காயமே இருக்காது. துடிப்புல ஒரு குறிப்பிட்ட நொடித்துளி இருக்கு, ஈசிஜில டி அலை ஏறி உச்சிக்கு வரதுக்கு கொஞ்சம் முன்னால, சுமார் 20 மில்லிசெகண்ட் அகலம்தான், சரியா அந்த நேரத்துல அடி விழுந்தா துடிப்பு ஒழுங்கில்லாம நடுங்கி ரத்தம் அனுப்பறது நின்னு போயிரும். கொமோஷியோ கார்டிஸ்னு பேரு. 2023 ஜனவரி 2ஆம் தேதி அமெரிக்க புட்பால் ஆட்டத்துல டமார் ஹேம்லின் மைதானத்துலயே விழுந்தாரே, அது இதுதான். இருதயம் நல்ல நிலைமைலதான் இருக்கும், எக்கோ எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாலும் ஒன்னும் தெரியாது, வேற இருதய நோய் இல்லன்னு உறுதி பண்ணத்தான் அத எடுப்பாங்க.

அங்க உயிர காப்பாத்தறது ஸ்கேன் இல்ல, பக்கத்துல இருக்கறவங்க கை. பையன் அடிபட்டு ஒடனே சரிஞ்சு விழுந்தா, மூச்சு சரியா இல்லன்னா, தண்ணி தெளிச்சு எழுப்பிட்டு நிக்காம ஒடனே நெஞ்ச அமுக்க ஆரம்பிக்கணும், ஒருத்தர் 999 கூப்பிடணும், ஒருத்தர் ஏஇடி மெஷின், அதாவது யாரும் பயன்படுத்தற மாதிரி இருக்கற ஷாக் மெஷின், எடுத்துட்டு ஓடி வரணும். ஸ்கூல்ல அந்த மெஷின் இருக்கா, எந்த ரூம்ல இருக்கு, ரூம் பூட்டி சாவி யார்கிட்ட இருக்குன்னு பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) மீட்டிங்ல கேளுங்க. பயிற்சி குடுக்கற டீச்சர் யாராவது சிபிஆர் (நெஞ்ச அமுக்கற முதலுதவி) படிச்சிருக்காங்களான்னும் கேளுங்க.


பிறை_பொண்ணு (பட்டர்வொர்த்)

ரெண்டாவது எக்கோ எடுத்துட்டாங்க, தண்ணி ஏறல, எக்ஸ்ட்ரா பீட்டும் கொறஞ்சிருச்சு. இன்னும் நல்லா இருந்தா டிஸ்சார்ஜ்னு சொல்றாங்க. டாக்டர்கிட்ட நீங்க சொன்ன மாதிரியே எம்ஆர்ஐ எடுத்தா ட்ரீட்மெண்ட் என்ன மாறும்னு கேட்டேன், இப்போதைக்கு ஒன்னும் மாறாது, அடுத்த எக்கோல அசைவு திரும்பி வரலன்னா அப்ப யோசிப்போம்னு நின்னு நிதானமா பதில் சொன்னாரு. சித்தப்பா பையனும் பக்கத்துல இருந்து கேட்டான். வீட்டுக்கு வந்தா என்ன பாக்கணும், பேப்பர் எதெல்லாம் வாங்கிக்கணும்?


எக்ஸ்ரே_ரூம்_அண்ணன் (ஜோர்ஜ்டவுன்)

நல்ல சேதி தங்கச்சி. பேப்பர் விஷயம் நான் சொல்றேன். சிடி ரிப்போர்ட், எக்கோ ரிப்போர்ட் ரெண்டும், மொத ஈசிஜி ஒரு காப்பி, டிஸ்சார்ஜ் நோட், இதெல்லாம் கேட்டு வாங்குங்க, சிடி படத்த டிஸ்க்ல போட்டு தர முடியுமான்னு ரெக்கார்ட் கவுண்டர்ல கேளுங்க. பின்னால வேற ஆஸ்பத்திரிக்கு போனா பழைய எக்கோல எந்த எடம் அசையலன்னு எழுதியிருக்கறது ரொம்ப முக்கியம், அது இருந்தாத்தான் ஒப்பிட்டு பாக்க முடியும். அப்பறம் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர வழியில நடந்த விபத்துன்னு சொன்னீங்க, அதுக்கு பெர்கேசோல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, சொக்சோ) கிளைம் பண்ண வழி இருக்கு, போலீஸ் ரிப்போர்ட்டோட இந்த பேப்பரும் கேப்பாங்க, பேக்டரி எச்ஆர்ல இன்னிக்கே சொல்லி வைங்க.


எம்ஓ_செந்தூல் (கோலாலம்பூர்)

வீட்ல பாக்க வேண்டியது. தலை சுத்தி விழுந்தாலோ மயக்கம் வந்தாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சு நிக்காம போனாலோ, படுத்தா மூச்சு முட்டுனாலோ, கழுத்து நரம்பு பொடைச்சு நின்னாலோ அடுத்த அப்பாயின்மெண்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அவரே வண்டி ஓட்டிட்டு வர விடாதீங்க, 999. கால் வீக்கம், நடந்தா மூச்சு வாங்கறது மெதுவா வந்தா அத எழுதி வச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரவி அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். நெஞ்செலும்பு சேர ஆறு வாரத்துக்கு மேல ஆகலாம், அது வரைக்கும் வலி இருக்கும், இருமுறப்ப ஒரு தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இரும சொல்லுங்க. வலிக்குதுன்னு மூச்ச ஆழமா இழுக்காம விட்டா நுரையீரல்ல சளி கட்டி நிமோனியா வந்துரும், அதனால மாத்திரைய நேரத்துக்கு போட்டுட்டு நல்லா மூச்சு இழுத்து விடணும்.

பாரம் தூக்கறது, புட்சால், ஜிம் எல்லாம் அடுத்த எக்கோ வரைக்கும் வேணாம். இந்த மாதிரி அசைவு கொறஞ்ச எடம் பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல திரும்பிரும். நைட் ஷிப்ட் எப்ப போகலாம்னு அந்த எக்கோ பாத்துட்டு கார்டியாலஜி கிளினிக்ல கேளுங்க, எம்சி முடிஞ்சிருச்சேன்னு அவரா கெளம்பிற போறாரு, எம்சி பத்தலன்னா நீட்டி கேக்கலாம், தப்பில்ல.